டாயில் ரஃப்னரின் சிவப்பு சிலிண்டர்

ஷெரிஃப் ஆபீஸ் காபி நன்றாக இருக்கிறது, டெபுடி. டிரக் இழுவைப் போட்டிகளில் சோதனை அதிகாரிக்கு யாரும் காபி வாங்கித் தருவதில்லை. வாங்கித் தந்தால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். அதனால் என் காபியை நானே ஃபிளாஸ்கில் கொண்டுபோய்ப் பழகிவிட்டேன்.

என் வேலை சிக்கலானதல்ல. மண் தடத்தில் டிரக்குகள் ஒரு சறுக்குப் பாரத்தை இழுக்கும். போகப் போகப் பாரம் முன்னால் நகர்ந்து டிரக்கை அமுக்கும். அதிக தூரம் இழுத்தவன் ஜெயித்தான். இன்ஜினுக்குள் கொஞ்சம் நைட்ரஸ் வாயுவைச் செலுத்தினால் டீசல் வெறிபிடித்து எரியும். சில அடிகள் கூடுதலாகக் கிடைக்கும். அது தடைசெய்யப்பட்டது. தடத்தின் முடிவில் காற்றுக் குழாயில் மீட்டரைச் செருகி, ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது நான். ஒஹையோவின் இந்தப் பக்கத்துக் கவுண்டிகளில் என் முடிவை யாரும் மறுத்ததில்லை.

என் தம்பி கேலனையும் நான்தான் பிடித்தேன்.

கேலன் வருடா வருடம் டாயில் ரஃப்னரிடம் தோற்றுக்கொண்டிருந்தான். டாயிலுக்கு வாய் சும்மா இருக்காது. பன்றிக்கறி சாண்ட்விச் வாங்குகிற வரிசையில், ஊர்க்காரர்கள் முன்னால் கேட்பான்: "என்ன கேலன், இன்னிக்கு நீ வண்டிய இழுத்தியா, வண்டி உன்ன இழுத்துச்சா?" கேலனும் சேர்ந்து சிரிப்பான். போன கோடையில் அவன் சீட்டுக்கு அடியில் ஒரு நைட்ரஸ் புட்டி இருந்தது. மீட்டர் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஒரு தடவ கண்ண மூடிக்கோ, வெண்டல்," என்றான். "டாயில் பண்றதத்தான் நானும் பண்ணேன்."

"டாயில் வண்டிய நான் பார்த்தாச்சு. சுத்தம்."

"அப்ப உனக்குத் தேடத் தெரியல."

ஒரு சீசன் தடை அல்லது ஆயுள் தடை. எது என்பது அதிகாரியின் விருப்பம். தம்பி என்பதால் ஆயுள் தடை கொடுத்தேன். ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். ஒலிபெருக்கியில் பெயரை வாசித்தார்கள். சோள அறுவடை முடியும்வரை கேலன் பொறுத்திருந்தான். பிறகு டிராக்டர் கொட்டகையில் உயிரை மாய்த்துக்கொண்டான். வேலையைப் பாதியில் விடாதது அவன் குணம்.

அடக்கத்துக்கு டாயிலும் வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ செஞ்சது சரிதான், வெண்டல். ஏமாத்துறவனுக்கு நம்ம ஆட்டத்துல இடம் கெடையாது," என்றான்.

இந்த ஜூன் மாதம், நல்ல வெயிலில், டாயில் ஜெயித்துவிட்டு இறங்கினான். சீட் பெல்ட்டைச் சோதிக்க அவன் வண்டிக்குள் குனிந்தேன். ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு. சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரில் கை பட்டது. ஐஸிலிருந்து எடுத்த பீர் கேன் போல ஜில்லென்று, மேலெல்லாம் நீர் பூத்திருந்தது. உள்ளிருந்து வாயு வேகமாக வெளியேறினால்தான் ஒரு சிலிண்டர் அப்படிக் குளிரும்.

பார்வைக்கு அசல்தான். சிவப்புப் பெயிண்ட், இழுத்துத் திறக்கும் ஊசி, கைப்பிடி எல்லாம் இருந்தன. மாட்டும் கொக்கியில் மட்டும் ஒரு துளை. அதன் வழியே வாயு இன்ஜினுக்குப் போகும். தடம் முடியும் முன்பே வாயுவை நிறுத்திவிடுவான். மீட்டரிடம் வரும்போது குழாய் சுத்தமாக இருக்கும். கேலனுக்கு அந்த நிதானம் வராது.

அப்போதே பிடித்திருக்கலாம். பெயரை வாசித்திருப்பார்கள். டாயில் தோளைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தீவனம் வைத்திருப்பான். வெட்கம் சிலரைத்தான் கொல்லும்.

ஆகவே, தீயணைப்பு சிலிண்டர் சரியாக இருக்கிறது என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். கோடை முழுக்க, போட்டிக்குப் போட்டி ஒட்டினேன். "கண்ணாடிய மாத்து, வெண்டல். ஸ்டிக்கர் கோணலா இருக்கு," என்பான். நான் எடுத்து நேராக ஒட்டுவேன்.

ஆகஸ்டில் கவுண்டிக் கண்காட்சிப் போட்டியில் நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. தடத்தின் முடிவில் டாயிலின் இன்ஜினில் நெருப்புப் பிடித்தது. தீயணைப்பு வண்டி மறுமுனையில் நின்றது. டாயில் பெல்ட்டை அவிழ்க்கத் தடுமாறினான். பாரத்தின் சங்கிலியைக் கழற்ற அங்கே நின்ற அவன் மகள் மார்லாதான் முதலில் ஓடினாள். கதவைத் திறந்து சிவப்பு சிலிண்டரைப் பிடுங்கினாள்.

"வேணாம் மார்லா, அது வேணாம்," என்று டாயில் கத்தினான். தன்னை விட்டுவிட்டு ஓடச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நல்ல பெண். ஊசியை இழுத்து, அப்பாவின் மேல் கைப்பிடியை அழுத்தினாள். நைட்ரஸ் நெருப்பை அணைக்காது, டெபுடி, ஊட்டும். நெருப்பு வெள்ளையாக மாறியது. அவள் இன்னும் அழுத்தினாள்.

என் கையில் நல்ல சிலிண்டர் ஒன்று இருந்தது. நான் நடந்து போனேன். தடத்தில் அதிகாரிகள் ஓடக் கூடாது என்பது விதி.

டாயிலை அடக்கம் செய்த மறுநாள் ஆஸ்பத்திரியில் மார்லாவைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. "அப்பா ஏன் அங்கிள் வேணாம்னாரு?" என்று கேட்டாள்.

"வலியில ஏதோ சொல்லியிருப்பாரும்மா."

"நான் சரியாத்தானே பண்ணேன்?"

"சரியாத்தான் பண்ண," என்றேன். அதில் பொய் இல்லை.

நான் பேசாமல் இருந்திருப்பேன். வண்டியோடு சிலிண்டரும் கருகிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் போன வாரம் கண்காட்சிக் குழு அந்தத் தடத்துக்கு டாயிலின் பெயரை வைத்துவிட்டது. நுழைவாயிலில் அவன் படம், கீழே 'நேர்மையான போட்டியாளர்' என்று எழுத்து. அதைப் படித்துவிட்டு நேராக உங்களிடம் வந்தேன்.

டீசல் குழாயின் நட்டு அதிர்வில் கழன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கழலவில்லை. அன்று காலை சோதனைக்காக வண்டியின் முன்மூடியைத் திறந்தபோது என் ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தினேன். மார்லா எங்கே நிற்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் டாயில் நைட்ரஸ் வைத்திருந்தான் என்பது முதல் வரியில் வர வேண்டும். விதிப்படி அவன் வெற்றிகள் ரத்தாகி, இரண்டாவதாக வந்தவனுக்குப் போகும். பெரும்பாலும் அது கேலன்தான்.

கேலனும் தடை செய்யப்பட்டவன்தானே என்கிறீர்கள். பாவம், அவன் ஒரே ஒரு நாள் தவறினான். அதற்காக ஒருவனை அடியோடு அழித்துவிடுகிற ஆள் நான் இல்லை, டெபுடி.