நூற்றைம்பதாவது குழாய்

சதவீதம் ரொம்ப எளிமையான விஷயம், ஐயா. பத்தாயிரம் பிரேக் குழாய்களில் எத்தனை பழுது என்று அறிய, பத்தாயிரத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லாப் பெட்டிகளிலிருந்தும் கலந்து இருநூறை எடுத்து, ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தால் போதும். பழுதான குழாயின் வாயருகே மயிரிழை விரிசல் தெரியும். இருநூற்றில் இரண்டு என்றால் நூற்றுக்கு ஒன்று. பத்தாயிரத்தில் ஏறக்குறைய நூறு. அழகாக இல்லையா?

பரிசோதனைப் பிரிவில் எனக்குப் பத்தொன்பது வருடம். குழாய் வார்க்கும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே, எண்ணுவதற்கு முன் பலகையில் சதவீதத்தை எழுதிவிடுவேன். ஒருமுறையும் தப்பியதில்லை. என்னோடு வேலை பார்த்த பெண் கேலி செய்வாள்: "சதவீதம் அண்ணே, இன்னிக்கு கேன்டீன் சோத்துல கல்லு எத்தன சதவீதம்?"

அன்று ஒரு சதவீதம் என்று எழுதியிருந்தேன். அதுதான் எங்கள் வரம்பும். தாண்டினால் பத்தாயிரத்தையும் பார்த்தாக வேண்டும். எண்ணியபோது இருநூற்றில் மூன்று வந்தது. ஒன்றரை சதவீதம். அதாவது நூற்றைம்பது.

பலகையை அழிக்க மனம் வரவில்லை. முந்தின நாள் தேறிய பெட்டியிலிருந்து நூறு நல்ல குழாய்களைச் சேர்த்தேன். முந்நூற்றில் மூன்று.

"அண்ணே, அந்த நூறும் நேத்தே பாத்ததாச்சே?"

"அதுவும் குழாய்தானம்மா."

"நீங்க சொன்னா சரிதான்," என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.

பழுதான மூன்றையும் பெட்டியிலேயே திரும்பப் போட்டேன். எடுத்துவிட்டால் மொத்தக் கணக்கு குழம்பும்.

மறுநாள் எங்கள் ஊழியர் பேருந்துக்கு அந்தப் பெட்டிகளிலிருந்துதான் நான்கு குழாய்கள் மாட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கில் ஒன்றாவது பழுதாக இருக்க நூற்றுக்கு ஆறு வாய்ப்பு. மீதித் தொண்ணூற்று நான்கும் அவர்கள் பக்கம். அன்று மாலையிலிருந்து நான் சைக்கிளில் போகத் தொடங்கினேன். முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, எங்கள விட்டுட்டு தனியாப் போறீங்க?" என்று பேருந்து ஜன்னல் வழியாக அவள் கேட்டாள். கை காட்டினேன்.

ஒன்பதாம் நாள் இறக்கத்தில் பேருந்து நிற்கவில்லை. முப்பத்தொரு பேர். அவளும்தான்.

பிறகு நீங்கள் எல்லாக் குழாய்களையும் திரும்ப வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். பழுது நூற்று நாற்பத்தொன்பது என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். பேருந்தில் வெடித்ததைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் சரியாக நூற்றைம்பது.

என் கணக்கு தப்பவில்லை, ஐயா. அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.