கார் கொட்டகைக்கு வெளியே ஒரு மொட்டை மாடி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, அவர் அருகில் அமர்ந்திருக்கும் மன்றப் பொறுப்பாளர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே, பேச்சு எப்போது முடியும், படம் எப்போது ஓடும் என்று கதவோரம் நிற்கும் அண்ணன்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அண்ணன்மார்கள் கவலைப்பட வேண்டாம். எனக்கு நீட்டி முழக்கத் தெரியாது. மேடை ஏறுவதே இதுதான் முதல் தடவை.

இன்று இந்த மன்றத்தில் முதல் படம் திரையிடப் போகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் இந்த மண்ணுக்குப் படம் புதிதா? இந்தக் காற்றுக்குக் கதை புதிதா? இல்லை. இங்கேதான் கார் கொட்டகை இருந்தது. பெயர்தான் கொட்டகை, கூரை கிடையாது. டிக்கெட் உண்டு, நாற்காலி கிடையாது. ஒரு கோடியில் வெள்ளையடித்த பெரிய சுவர். அதற்கு எதிரே வரிசை வரிசையாக மண்மேடு. காரின் முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கலாம். பக்கத்துக் கம்பத்தில் தொங்கும் சிறு ஒலிபெருக்கியை எடுத்துக் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் வசனம் கேட்கும். பிடித்த காட்சிக்குக் கைதட்ட மாட்டார்கள், ஹாரன் அடிப்பார்கள். படம் முடிந்ததும் ஒலிபெருக்கியைக் கழற்ற மறந்து, ஒயரோடு பிய்த்துக்கொண்டு வீடுவரை போனவர்களும் உண்டு. தலைவர் ஐயா சிரிக்கிறார். யார் யார் என்று நான் சொல்லவில்லை, ஐயா.

சரி, கார் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

எங்கள் தெருவில் யாரிடமும் கார் இல்லை. மொட்டை மாடி இருந்தது. எங்கள் அத்தையின் தையல் கடைக்கு மேலே இருந்த மாடியில் ஏறி நின்றால் திரை முழுதாகத் தெரியும். படம் தெரியும், சத்தம் வராது. சத்தம் எல்லாம் கார்களுக்குள்ளே அடைபட்டுக் கிடந்தது. அழுகிறார்கள், எதற்கு என்று தெரியாது. அறைகிறார்கள், யார் மேல் தப்பு என்று தெரியாது.

ஒருவருக்குத் தெரியும். எங்கள் அத்தைக்கு.

அத்தைக்குப் பள்ளிக்கூட வயதில் வந்த ஒரு காய்ச்சலில் காது போனது. பேச்சு போகவில்லை, படிப்பு போகவில்லை. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். கடையில் உதடு விரலளவு. திரையிலோ முகம் வீட்டளவு, வாய் வாசலளவு. அத்தை பிடித்துவிடுவார் என்று சொல்லவும் வேண்டுமா? திரையைப் பார்த்தபடியே அத்தை வசனம் சொல்லச் சொல்ல, சுற்றி உட்கார்ந்து தெருவே கேட்டது. காது கேட்பவர்களுக்கெல்லாம் காது கேளாதவர் கதை சொன்னார்! காதல் வசனமானாலும் கொலை மிரட்டலானாலும் அத்தையின் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. சட்டைக்கு அளவு சொல்வது போலத்தான் சொல்வார். ஆனாலும் மாடியில் அழுதவர்கள் அழுதார்கள்.

ஒரு நாள், எல்லோரும் எதிர்பார்த்திருந்த ஒரு படம் வந்தது. கொஞ்சம் முன்னே போய் உட்கார்ந்த அத்தை, ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடியும் ஒன்றும் இல்லை. கடைசியில், “என்னமோ மெல்லுறாங்க, பேசல” என்றார். எதிர்வீட்டுப் பெயின்டர் சும்மா இருப்பாரா? யார் மேலும் பூச வாயில் ஒரு வாளி பெயின்ட் வைத்திருப்பவர் அவர். அத்தைக்குப் புரியவேண்டும் என்று நேர் எதிரே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“அப்ப இத்தன நாளா எங்களுக்கு நீ ரீல் விட்டுருக்கே. நாங்களும் வாயப் பொளந்துட்டு கேட்டுருக்கோம்.”

யாரும் அவரை அடக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். சிரிப்புக்கு உதடு படிக்க வேண்டியதில்லை. அத்தை எழுந்து கீழே போனார்.

அதன் பிறகு அத்தை மாடிக்கு வரவில்லை. தெரு மட்டும் வெட்கமில்லாமல் வந்தது. வசனப் பொறுப்பைப் பெயின்டரே ஏற்றுக்கொண்டார். உதட்டையாவது பார்த்தாரா? இல்லை. மனம்போன போக்கில் சொன்னார். ஒரு படத்தில் அண்ணனையும் தங்கையையும் காதலர்களாக்கிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு அவர்களுக்கு ஒரே அம்மா வந்து சாதம் போட்டபோது மாடியே அவரைத் திரும்பிப் பார்த்தது.

கீழே அத்தைக்கு வேறொரு கவலை. பெயின்டர் சொன்னதைப் பற்றி அல்ல. தனக்கே வந்த சந்தேகத்தைப் பற்றி. ஒருவேளை உண்மையிலேயே இத்தனை நாளும் தப்பாகத்தான் பார்த்தேனோ? கடையில் அவர்கள் சொன்ன அளவுகளைச் சரியாகத்தான் பிடித்தேனா? நான் பேசுவதாவது எல்லோருக்கும் புரிகிறதா? அன்றிலிருந்து எதையும் இரண்டு முறை கேட்டார்.

கொட்டகைக்குள் கார் காராகச் சோடா விற்பவர் ஒருநாள் கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்க வந்தார். அவரிடம் அத்தை தயங்கித் தயங்கி, அந்தப் படத்தில் என்னதான் பேசினார்கள் என்று கேட்டார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அது வேற பாஷப் படம், தங்கச்சி. குரல மட்டும் நம்ம ஆளுங்கள வச்சு பேசி ஒட்டியிருக்கான். வாய் ஒண்ணு சொல்லும், சத்தம் ஒண்ணு சொல்லும். உள்ள இருக்கிறவங்களே அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.”

அத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, சட்டை மெஷினிலேயே கிடக்க, பனியனோடு நின்றவரைக் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து பெயின்டர் வீட்டுக்குக் கூட்டிப்போய், மூன்றாம் முறையும் சொல்ல வைத்தார்.

பெயின்டர் மன்னிப்புக் கேட்டாரா? அவர் பரம்பரையிலேயே அந்தப் பழக்கம் இல்லை. அன்று சாயங்காலம் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிவந்து மாடி நடுவில் போட்டார்.

“உக்காரும்மா. இன்னைக்கு வாய் நம்ம பாஷதான். கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

அத்தை உட்கார்ந்தார். கொட்டகை மூடும்வரை அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. அவர் மடியில் கிடந்து நானும் சில படங்கள் பார்த்திருக்கிறேன்.

பிறகு கொட்டகை போனது. சுவரை இடித்தார்கள், மேட்டை நிரவினார்கள். வீட்டுக்கு வீடு டிவி வந்தது. டிவியில் முகம் சின்னது, திரும்பி நின்றும் பேசுகிறது. அத்தைக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கும் வசனம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. தேவை போனதும் அவர் மீதிருந்த எங்கள் பார்வையும் போனது. இன்று கடையில் துணியைப் பார்த்துப் பேசுகிறார்கள், போனைப் பார்த்துப் பேசுகிறார்கள். அத்தையைப் பார்த்துப் பேசுகிறவர் எத்தனை பேர்?

என்ன அண்ணா? பின்னால் கேட்கவில்லையா? மைக்கை மேலே தூக்க வேண்டுமா? தூக்கினால் என் வாய் மறைந்துவிடும். அத்தை மூன்றாவது வரிசையில் இருக்கிறார். நீங்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

பெரியோர்களே, ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் ஏறினேன். இன்றைய படத்தின் வசனம் முழுவதையும் திரையின் அடிப்பகுதியில் தமிழில் எழுத்தாகப் போட முடியும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். ஜனங்கள் முனகுவார்கள், தலைவர் சொன்னால் போடுகிறேன் என்றார்.

முனகுவீர்களா? ஒரு தெருவுக்கே வசனம் சொன்னவருக்கு, ஒரு வரி எழுத்து பாரமா? படம் மறைக்கும் என்கிறீர்களா? எவ்வளவு மறைக்கும்? கதாநாயகனின் செருப்பு மறையும், செருப்பு போகட்டும்! இன்று மட்டும் அல்ல, இங்கே ஓடும் ஒவ்வொரு படத்துக்கும் எழுத்து வேண்டும். அத்தைக்கு மட்டும் அல்ல, காது மங்கிய ஒவ்வொருவருக்கும் வேண்டும். சம்மதம் என்பவர்கள் வாயால் சொல்ல வேண்டாம். கையைத் தூக்குங்கள். அத்தை பார்க்கட்டும்.

தாய்மார்கள் தூக்கிவிட்டார்கள். கதவோரமும் தூக்கிவிட்டது. தலைவர் ஐயா... தூக்கிவிட்டார். ஆபரேட்டர் அண்ணா, பார்த்துக்கொண்டீர்களா?

அத்தை, எழுத்து போடுறாங்களாம்.

என்னைப் பேச அழைத்த மன்றத்துக்கும், படத்தைத் தள்ளிவைத்து எனக்குக் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, வணங்கி இறங்குகிறேன். விளக்கை அணைக்கலாம்.