ஒத்தக் கால் சாம்பிள்

"எனக்கு ரெண்டு காலும் இருக்குன்னு அவங்ககிட்ட எப்பிடிப்பா சொல்றது?"

ஆம்பூரில் ரயில் ஏறி என் எதிரில் உட்கார்ந்த இருவரில், ஷூ கம்பெனி அடையாள அட்டை மாட்டியிருந்தவர் கேட்டார்.

"எவங்ககிட்ட?" என்றார் கூட வந்தவர்.

"ஃபோன்லப்பா. ஃபேஸ்புக் மாதிரிதான், ஆனா மொத்தத்துக்கும் ஒரு ஓனர் கெடையாது. ஆளாளுக்குத் தனி சர்வர் வச்சு, குரூப் மாதிரி நடத்துறாங்க. ஷூ பைத்தியங்களுக்குன்னே ஒண்ணு இருக்குது. அதுல நான் செஞ்ச சாம்பிள் போட்டோவா போட்டேன்."

"சாம்பிள்னா ஒத்தக் காலுக்கு மட்டும்தானே ஷூ செய்வோம்?"

"அது நமக்குத் தெரியும். அவங்க எனக்கே ஒத்தக் கால்னு நெனச்சு, கால் இழந்தவங்க சர்வருக்கு லிங்க் அனுப்பினாங்க. நான் ஒரு மரமண்டை, இன்னா ஏதுன்னு பாக்காம தேங்க்ஸ் சொல்லிச் சேந்துட்டேன்."

"பேஜாராச்சே. வெளிய வந்துடு."

"எப்பிடி வர்றது? டெய்லி காலையில 'கால் வலி கம்மியா?'ன்னு கேக்குறாங்க. வீட்ல ரெண்டு காலோட சுத்துறேன், ஒருத்தராவது கேக்குறாங்களா?"

"நீ இன்னா பதில் போடுவே?"

"ஜாஸ்தின்னுதான். நாள் பூரா நின்னுக்கினே வேலை செய்றோம், அது பொய் இல்லியே. இன்னா, ரெண்டு கால் வலியில ஒண்ணை மட்டும் சொல்றேன்."