பொழிமுகத்துக்கு அடியில்

எனக்குச் சாயாவில் சர்க்கரை வேண்டாம் சார். தேவகனி உயிரோடு இருந்தபோதே நிறுத்திவிட்டேன்.

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் இருபத்தொரு வருடம் கடத்துப் படகு ஓட்டினேன். அக்கரைக்குப் பத்து நிமிடம். பாலம் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். அதற்காகத்தான் கடலுக்கு அடியில் சாலைச் சுரங்கம் தோண்ட வந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆஸ்பத்திரி அக்கரையில்தானே இருக்கிறது.

வேலை தொடங்கியதும், பொழிமுகத்தில் இனிப் படகு ஓடக்கூடாது என்று எஞ்சினியர் ஆன்ட்ரூஸ் என் படகைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். மறுவாரம், பட்டப்பகலில், என் மனைவி தேவகனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாவி கேட்டு ஓடினேன்.

"மேலிடத்து ஆர்டர் இல்லாம திறக்க ஒக்காது ததேயுஸ். கார் தாரேன், பாலம் வழியா போ," என்றார்.

பாலத்தில் நெரிசல். அவள் என் மடியிலேயே போய்விட்டாள்.

அடக்கத்துக்கு ஆன்ட்ரூஸ் வந்தார். என் கையைப் பிடித்து அழுதார். சுரங்கத்திலேயே எனக்கு வேலையும் போட்டுக்கொடுத்தார். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை.

வேலை எளிது. உள்ளே ஓர் இரும்புக் கதவு. கடல்நீர் கசிந்து பெருகினால் சைரன் ஊத வேண்டும். எல்லோரும் வெளியே வந்தபின் கதவை அடைக்க வேண்டும். இரண்டு வருடம் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. ஆன்ட்ரூஸ் உள்ளே இருக்கும்போது நீர் பெருகட்டும் என்று காத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அது வாய்த்தது. நான் சைரன் ஊதவில்லை. கதவை அடைத்தேன்.

உள்ளேயிருந்து போன் வந்தது.

"ததேயுஸே, இடுப்பளவு வெள்ளம் ஏறியாச்சு. கதவத் தொற மக்கா."

"மேலிடத்து ஆர்டர் இல்லாம ஒக்காது சார்," என்றேன். குரலை உயர்த்தவில்லை.

மேலே இருந்தவர்கள் விஷயம் தெரிந்து இறங்கி வர இருபது நிமிடம் ஆனது. அது போதுமாக இருந்தது.

அவரோடு ஐந்து பேர் இருந்தது எனக்குத் தெரியும். காலையில் அவர்களை உள்ளே விட்டதே நான்தான். ஆன்ட்ரூஸைக் கொன்றது நான். மற்ற ஐந்து பேரைக் கொன்றது கடல். அதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் இன்னொரு குரலும் கேட்டது.

"அத்தான், நான் அஜினாக்கும். நானும் உள்ள உண்டு. அத்தான்..."

அஜின், தேவகனி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. எல்லாம் அவன் அக்காளுக்காகத்தான் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவனாகவே கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டான்.