ஒரு விரல்கூட அசையாமல்

— ஒரு விரல்கூட அசையலையா?

— அசையலடா.

— சத்தியமா?

— சத்தியமா. ஸ்கேன் எடுக்கற பொண்ணே உள்ள ஓடி வந்து, "தூங்கிட்டீங்களா மேடம்"னு கேட்டா. இரு, இரு, கையை ஆட்டாதே. ஊசி குத்தியிருக்கு.

— ஆட்டலைக்கா. இந்த டயாலிசிஸ் மெஷின் பாட்டுக்கு என் ரத்தத்தைக் கழுவிட்டு இருக்கு, நான் பாட்டுக்கு உன் கதையைக் கேக்கறேன். ஆனா நம்ப முடியலை. போன தடவை அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள தலை போனதும் நீ போட்ட கூச்சல் இந்த வார்டு பூரா கேட்டுச்சு.

— வார்டு எல்லாம் இல்ல. காரிடார் வரைக்கும்தான்.

— பயந்தா அமுக்கச் சொல்லிக் கையில குடுத்த பட்டனை அமுக்கி, செருப்பைக்கூடப் போடாம வெளிய ஓடி வந்தே. நர்ஸம்மா என்கிட்ட வந்து, "உங்க அக்கா கிட்னி குடுக்க வந்தாங்களா, பிடுங்கிட்டுப் போக வந்தாங்களா"ன்னாங்க.

— சிரி, சிரி. அந்த ஸ்கேன் இல்லாம ஆபரேஷன் கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மயக்க மருந்து குடுத்தும் எடுக்க முடியாதாம். மூச்சை இழு, பிடி, விடுன்னு சொல்லுவாங்களாம், கேட்டுச் செய்யணுமாம். அந்தப் பொண்ணுதான் பாவப்பட்டு, "தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி, அசையாம உக்காந்து, மூச்சை மட்டும் பாருங்க. பழகினதும் வாங்க"ன்னா. இது என்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். உக்காந்த இடத்துலயே சம்பாதிக்கறவதானே நான்.

— கார் ஓட்டக் கத்துக்குடுக்கறேன்னு பக்கத்து சீட்டுல உக்காந்து ஊரையே திட்டறவ.

— திட்டாம எவனுக்குடா கிளட்ச் புரியும்? கேளு. முதல் நாள் உக்காந்து கண்ணை மூடறேன், உடனே ஃப்ரிட்ஜைத் துடைக்கணும்னு தோணுது. எங்க வீட்டு ஃப்ரிட்ஜை நீ பாத்திருக்கே இல்ல?

— பாத்திருக்கேன். உள்ள ஒரு தக்காளிக்குத் தாடி முளைச்சிருந்துச்சு. ஷேவ் பண்ணி விடலாமான்னு யோசிச்சேன்.

— உன் சலூன் புத்தி உன்னை விட்டுப் போகாது. துடைச்சேன். மறுநாள் உக்காந்தா, அலமாரி. அதுக்கு மறுநாள், எப்பவோ கூடப் படிச்சவ ஒருத்திக்கு இப்பவே போன் பண்ணியாகணும்னு துடிப்பு. வீடு பளபளன்னு ஆயிடுச்சு, உக்காந்தபாடுதான் இல்ல. யாராவது விருந்தாளி வராங்களான்னு உங்க மாமா கேட்டார்.

— அப்புறம்?

— பல்லைக் கடிச்சுட்டு உக்காந்தா, கால் தானா தரையை அமுக்குது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில என் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கில்ல, அந்த நினைப்பு. வீட்டுத் தரையில ஏதுடா பிரேக்? அமுக்கி அமுக்கி கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. எழுந்து போயிட்டேன். ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகலை.

— அதோட நீ விட்டுட்டேன்னு நான் நினைச்சேன்.

— விட்டேன்தான். அப்புறம் ஒரு நாள் காலையில, முதல் ஆள் கத்துக்க வர்றதுக்கு முன்னால, வண்டியை நிறுத்தி சாவியைப் பின் சீட்டுல எறிஞ்சுட்டு அப்படியே உக்காந்தேன். வண்டிக்குள்ள துடைக்க ஃப்ரிட்ஜும் இல்ல, அடுக்க அலமாரியும் இல்ல பாரு.

— பிடிச்சுதா?

— பிடிக்கலை. அன்னைக்கும் பிடிக்கலை, மறுநாளும் பிடிக்கலை. பிடிக்குதான்னு கேக்கறதையே விட்டுட்டேன். காலையில ஷட்டரைத் தூக்கறப்ப, மனசே உனக்கு இஷ்டமான்னு கேட்டுட்டா தூக்கறே?

— கேட்டிருந்தா என்னைக்கோ கடையை மூடியிருப்பேன்.

— அதேதான். நடுவுல தவறிப் போன நாளும் உண்டு. அதுக்கு மறுநாள் உக்காந்து என்னை நானே திட்டிட்டு இருப்பேன். அந்தத் திட்டுலயே நேரம் போயிடும். அப்புறம்தான், தவறினா தவறிச்சு, வா உக்காருன்னு, திட்டாமலே உக்காந்தேன்.

— நீயா? திட்டாமயா?

— அதை விடப் பெரிசு ஒண்ணு கேளு. ஒரு நாள் நல்ல மழை, வண்டிக் கூரை மேல விழுது. மழைன்னா மொத்தமா ஒரு இரைச்சல்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன். அன்னைக்கு ஒவ்வொரு துளியும் தனித்தனியா கேட்டுச்சுடா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. ஏன்னே தெரியலை, கண்ணு நிறைஞ்சு வழியுது. கத்துக்க வந்த அம்மா கண்ணாடியைத் தட்டி, "நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்"னு கேட்டாங்க.

— ஐயோ பாவம். சரி, இன்னைக்கு உள்ள என்னதான் ஆச்சு? வந்ததுலேர்ந்து உன் முகமே வேற மாதிரி இருக்கு.

— இரு, இரு, சொல்றேன். மூக்குக்கு நேரா கூரை. ரெண்டு தோளும் இடிக்குது. காதுக்குப் பக்கத்துல யாரோ இரும்புக் கதவை உடைக்கற மாதிரி சத்தம். கையில பட்டன். அமுக்கு, அமுக்குன்னு விரல் துடிக்குது. துடிக்கட்டும்னு பாத்துட்டே இருந்தேன். இந்தப் பயம் எங்கதான் உக்காந்திருக்குன்னு தேடினேன். நெஞ்சுல இல்லடா. தொண்டையில இருந்துச்சு. ஒரு வார்த்தையா இருந்துச்சு.

— என்ன வார்த்தை?

— வேண்டாம்.

— குழாய் வேண்டாம்னா?

— நானும் அப்படித்தான் நினைச்சேன். குழாய் இல்லடா.

— சரி விடுக்கா. ரொம்பப் பேசிட்டே. தண்ணி குடி.

— விடமாட்டேன். குடுக்க வேண்டாம்னு சொல்லுது. என் குரல்லயே சொல்லுது. வலிக்கும்ங்குது. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பெத்த பொண்ணை யார் பாத்துப்பாங்குது. நாளைக்கு உனக்கே ஒரு கேடு வந்தா, ஒண்ணே ஒண்ணை வெச்சுட்டு என்ன பண்ணுவேங்குது.

— நியாயம்தானே.

— நியாயமா இல்லையான்னு நான் வாதாடவே இல்ல. சொல்லி முடிக்கட்டும்னு கேட்டேன். முன்னல்லாம் அது வாயைத் திறக்கறதுக்குள்ள நான் ஃப்ரிட்ஜைத் துடைக்க ஓடிடுவேன். இன்னைக்கு ஓட இடமில்ல, ஓடவும் தோணலை. சொல்லிச் சொல்லி அதுவே ஓஞ்சு போச்சு. ஓஞ்சதும்... எப்படிடா சொல்றது... உள்ள அவ்வளவு இடம்! மூச்சு விடவே இடமில்லாத குழாய்க்குள்ள, சுவரே இல்லாத ஒரு வெளி. அந்த இரும்புச் சத்தம் எங்கயோ தூரத்துல, அது பாட்டுக்கு. இவ்வளவு பெரிசா ஒண்ணை உள்ள வெச்சுட்டா நான் சிக்னல்ல நின்னு கத்திட்டு இருந்தேன்?

— அழறியா?

— தெரியலை. அப்பதான் நீ வந்தே.

— நானா?

— உனக்கு அப்ப ஒரு வயசு. சரியான காய்ச்சல். அம்மா வேலைக்குப் போயாகணும். கீழ விட்டா கத்தறே, என் மடியில போட்டாத்தான் தூங்கறே. கால் மரத்துப் போச்சு. மூக்கு மேல ஈ வந்து உக்காருது. அசைஞ்சா முழிச்சுப்பியேன்னு, பொழுது சாயற வரைக்கும் அப்படியே இருந்தேன். எனக்கு ஒன்பது வயசு. யாருடா எனக்கு அசையாம உக்காரச் சொல்லிக் குடுத்தது? இன்னைக்கு அந்தக் குழாய்க்குள்ள படுத்திருந்தது நான் இல்ல. அந்த ஒன்பது வயசுக்காரிதான்.

— அக்கா... என் கையைப் பாரேன். ரோமமெல்லாம் நிக்குது.

— டாக்டர் பேசி முடிக்கறதுக்கு முன்னாலயே, "நான் குடுக்கறேன்"னு முந்திரிக்கொட்டையா சொன்னேனே, அது வாய் சொன்னது. இன்னைக்குத்தான்டா நான் சம்மதிச்சேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— உனக்கு மனசு வரலைன்னு. எத்தனை பேர் கழுத்தைப் பிடிச்சு முடி வெட்டறேன். "நல்லா குறைச்சுடு"ன்னு வாய் சொல்லும், கழுத்து மட்டும் வேண்டாம்னு இறுகும். நீ குடுக்கறேன்னு சொன்ன அன்னைக்கு உன் கழுத்தைத்தான் பாத்தேன்.

— தெரிஞ்சுமா சும்மா இருந்தே?

— நான் கேட்டா நீ மாட்டேன்னு சொல்ல மாட்டேக்கா. அதனாலதான் இத்தனை மாசத்துல ஒரு தடவைகூட, "உன்னோடதுல ஒண்ணு குடு"ன்னு என் வாயால நான் கேக்கவே இல்ல. நீ கவனிச்சியோ இல்லையோ.

— கவனிக்கலைடா. இப்ப கேளு.