மீனுக்குத் தெளிஞ்ச தண்ணி

பாத்துய்யா, பாத்து! மூக்கு இடிச்சிருச்சா? பரவால்ல, இங்கன வர்றவுக அம்புட்டுப் பேரும் மொதத் தடவ இடிச்சுக்கிட்டவுகதான். கண்ணாடி இருக்கிறதும் தெரியாது, தண்ணி இருக்கிறதும் தெரியாது, மீனு என்னமோ அந்தரத்துல நீந்துற மாதிரி இருக்கும். தொட்டி எட்டடி நீளம்யா. மெட்ராஸ்லருந்து ரயில்ல வந்து, சாத்தூர்ல எறக்கி, வைக்கோலுக்குள்ள பொதிஞ்சு மாட்டு வண்டியில கொண்டாந்தது.

உக்காருங்க. சங்கையா மொதலாளி பூசையில இருக்காக. தீ விபத்த விசாரிக்க ஐயா வந்திருக்கீகன்னு சொல்லியாச்சு. அன்னைக்கு அணைக்கிறதுக்குத் தண்ணி இருந்துச்சா இல்லியா, அதத்தான எளுதணும்? மொதலாளி வந்து சொல்லுவாக. அதுவரைக்கும் ஒங்களுக்கு மீனக் காட்டச் சொன்னாக.

பட்டாசுக்குத் திரி சுத்துற செட்டா? போய்ப் பாக்கலாமே, யாரு வேண்டாம்னா. என்ன, வெயிலு. முன்ன வந்த லைசென்சு ஆபீசரும் செட்டப் பாக்கணும்னுதான் எந்திரிச்சாரு. மீனப் பாத்தாரு. காப்பி வந்துச்சு, வடை வந்துச்சு. அப்புறம் இந்த நாற்காலியிலயே உக்காந்து செட்டு நல்லாருக்குன்னு எளுதிட்டுப் போயிட்டாரு. தங்கமான மனுசன். மீனுக்கு ரெண்டு பொரிகூடப் போட்டாரு.

நானா? சோணைமுத்துய்யா. முன்ன வெடிமருந்து செட்டுல கரி இடிச்சேன். இப்ப மீனு வேல. சிரிக்காதீக, இது பிரமோசன். நெழல்ல நிக்கலாம், சட்ட அழுக்காகாது.

ஆரம்பத்துல இப்படியா இருந்துச்சு? மீனு வந்த மூணாம் நாளே களனித் தண்ணி கணக்கா வெளுத்துப் போச்சு. அம்புட்டையும் எறைச்சுட்டுப் புதுசா ஊத்துலேன்னாக மொதலாளி. ஊத்துனேன். மறுநாளு அஞ்சு மீனு மல்லாந்துருச்சு. ஒரேடியா மாத்துனா அதுக்குத் தாங்காதுல்ல? அப்புறம் மெட்ராஸ் கடைக்காரனுக்குக் காயிதம் போட்டாக. மேல ஒரு பெட்டி வச்சு, அடியில கல்லு, அதுக்கு மேல கரி, அதுக்கு மேல மணல் போடுங்க, மோட்டார வச்சுத் தண்ணிய மேல ஏத்துனா வடிஞ்சு வடிஞ்சு தெளியும்னு அவன் எளுதுனான்.

கரின்னு படிச்சதும் மொதலாளி சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஏலே, கரிக்கு நம்மகிட்டயா பஞ்சம், மருந்து செட்டுல அள்ளிட்டு வாலேன்னாக. அந்தக் கரியில வெடியுப்புத் தூசி ஒட்டியிருக்கும்யா. அதே ஒலக்க, அதே சொளகு. நானும் சொல்லிப் பாத்தேன். நீ மெட்ராஸ்காரனுக்கு மேல படிச்சவனாலேன்னாக. சரின்னு போட்டுட்டேன். பத்தே நாளு, தண்ணி பச்சப் பசேல்னு ஆயிருச்சு. மீனு எங்கன இருக்குன்னு கையவிட்டுத் தடவித்தான் பாக்கணும். எனக்குத் தெரியும்யா, நான் காட்டு வேல பாத்து வளந்தவன். வெடியுப்பு பயிருக்கு ஒரம். பாசி மட்டும் வேண்டாம்னா சொல்லும்? நாத்தப் பாவியிருந்தா மொதலாளி ஒரு போகம் எடுத்திருக்கலாம்.

அந்த நேரம் பாத்து லைசென்சு ஆபீசரு வர்றாருன்னு தாக்கல் வந்துச்சு. மொதலாளிக்கு செட்டப் பத்திக் கவல இல்ல, கூரையப் பத்திக் கவல இல்ல, இந்தப் பச்சையப் பத்தித்தான் கவல. நாலு நாளுல தெளியலேன்னா நீயும் அந்த மீனோட வெளிய போயிருன்னுட்டாக.

அப்பத்தான் என் யோசனைக்கு விட்டாக. வீட்டு முத்தத்துல செரட்டக் கரி சுட்டேன், வெடியுப்பு வாடையே படாம. வைப்பாத்து மணலு ஒரு வண்டி கொண்டாந்தேன். மணலக் களுவுறதுலதான்யா சூச்சமமே இருக்கு. வடியுற தண்ணி கலங்கல் இல்லாம வர்ற வரைக்கும் களுவணும். எட்டுத் தண்ணியில கை வலிக்குதுன்னு விட்டோம்னா, அம்புட்டும் வீணு. நான் இருவது தண்ணி களுவுனேன். பெறகு தொட்டியில இருக்கிற பச்சத் தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டு, எடுத்த அளவுக்கு நல்லதண்ணி ஊத்தணும். நாலாம் நாளு அடியில கெடக்குற கூளாங்கல்ல எண்ணிறலாம். மொதலாளி என் தோளுல தட்டுனாக. இத்தன வருசத்துல அவுக கை என் மேல பட்டது அந்த ஒரு தடவதான்.

தண்ணி ஏதுன்னா கேக்கீக? முன்ன வந்தவரு இதக் கேக்கவேயில்ல. சித்திர மாசம்யா. கெணத்துல வாளியப் போட்டா சேறுதான் வரும். குடிக்கிறதுக்கே வண்டித் தண்ணிதான், ஆளுக்கு ரெண்டு சொம்பு. மொதலாளிதான் வளி சொன்னாக. திரி செட்டு வாசல்ல நாலு பீப்பாய் நெறயத் தண்ணி சும்மாதானலே கெடக்கு, எடுத்துக்கோ, வண்டி வந்ததும் நெரப்பிக்கிடலாம்னாக. தீப்பிடிச்சா அணைக்கிறதுக்குன்னு சட்டப்படி வச்ச தண்ணி. நான்தான் சொமந்தேன். ரெண்டு தகர டின்னக் கம்புல மாட்டி, ஒரு நாளு பூராம். செட்டுக்குள்ளருந்து வேலுத்தாயி கேட்டா, ஏன்யா பீப்பாயக் காலி பண்ணுறன்னு. மீனுக்கு மூஞ்சி களுவணுமாம் புள்ளன்னேன். திரி சுத்துன பொம்பளைக அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. அவளுந்தான் சிரிச்சா.

மறுநாளு தண்ணி வண்டி வரல. அதுக்கு அடுத்து வந்த ஒத்த வண்டியும் நேரா இங்கன வந்துருச்சு, ஆபீசரு வர்ற நாளுல்ல. அவரும் வந்தாரு, பாத்தாரு, எளுதுனாரு. நாலு பீப்பாயும் நெறஞ்சிருக்குன்னு அதுலயும் ஒரு வரி உண்டு.

தீ அதுக்கு ரெண்டாம் நாளு. வெடிக்கலய்யா, பெரிய தீயும் இல்ல. ஒரு திரி பொறிஞ்சு ஒரு சேலையில பத்துச்சு. ஒரு கொடம் தண்ணி போதும். மத்தவுக கத்திக்கிட்டு ரோட்டப் பாத்து ஓடுனாக. அவ மட்டும் பத்துன சேலையோட பீப்பாயப் பாத்து ஓடியிருக்கா. நான் நெரப்பியிருப்பேன்னு நெனச்சிருப்பா. ஒண்ணொண்ணாப் பாத்துருக்கா போல, நாலாவது பீப்பாய்கிட்டத்தான் கெடந்தா.

ஒங்க கையில இருக்கிற காயிதத்துக்கு அடியில ஒரு கைநாட்டு இருக்குல்ல, அது என் பெருவெரலு. பீப்பாயெல்லாம் நெறஞ்சு இருந்துச்சுன்னு கணக்கப்பிள்ள எளுதுனாரு. தெரிஞ்சுதான் வச்சேன்யா. வச்ச மறுநாளுதான் இனிமே கரி இடிக்க வேண்டாம், மீனு வேல மட்டும் பாருலேன்னாக.

பூச மணி நின்னுருச்சு, மொதலாளி வந்துருவாக. அந்த வரிய அடிச்சுட்டு, காலின்னு எளுதிக்கோங்க. காலி பண்ணுனது சோணைமுத்து. செத்தவ பேரு வேலுத்தாயின்னு அதுல சரியாத்தான் இருக்கும். புருசன் பேருக்கு ஒரு எடம் விட்டிருப்பாகளே, அதுலயும் சோணைமுத்துன்னே எளுதிக்கோங்க.