கடைசி நாள் முத்திரை

தபால்தலையை விரலால் தொடக்கூடாது. விரலில் எண்ணெய்ப் பசை இருக்கும். நாளாக நாளாகத் தாள் மஞ்சளடித்துவிடும். நான் இடுக்கியால்தான் எடுப்பேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் பொடிப்பொடித் திருகாணிகளோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன், அதனால் கை நடுங்காது. இப்போதும் நடுங்கவில்லை, வேண்டுமானால் பாருங்கள்.

நீங்கள் காணாமல் போனவர்களைத் தேடுகிற அதிகாரி. என் தம்பியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அப்பா போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பொடியன். வளர்த்து ஆளாக்கியது நான். நான் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். எந்தச் சட்டை வாங்குவது என்பதைக்கூட என்னைத்தான் கேட்பான். அதில் அவன் மனைவிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. தம்பி எலக்ட்ரீஷியன். நடுக்கடலில் ஒரு தீவில், ஹோட்டல் ஒன்றில் வேலை கிடைத்தது. போகட்டுமா என்று கேட்டான். அந்தத் தீவின் தபால்தலை என்னிடம் ஒன்றுகூட இல்லை. போ என்றேன்.

தபால்தலை சேர்க்கிற எங்கள் பைத்தியத்தில் ஒரு வகை உண்டு. அஞ்சலட்டையின் படத்தில் ஒரு மலை. அந்தப் படத்தின் மேலேயே ஒட்டிய தபால்தலையிலும் அதே மலை. அதன் மேல் விழுகிற முத்திரையும் அந்த மலை இருக்கிற ஊருடையதாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் மதிப்பு. அதுவும் அஞ்சலகத்தை மூடுகிற கடைசி நாள் முத்திரை என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் சங்கத்துப் பல் டாக்டரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. என் ஆல்பங்களை ஒருநாள் புரட்டிவிட்டு, எல்லாம் கடையில் கிடைப்பதுதானே என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தத் தீவின் மலை புகைய ஆரம்பித்தது. எல்லோரும் வெளியேற வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசிப் படகு என்று அறிவித்தார்கள். அஞ்சலகம் மட்டும் சனிக்கிழமை காலை திறந்திருக்கும், தபால் பைகளை ஹெலிகாப்டர் எடுத்துப் போகும் என்று செய்தியில் ஒரு வரி வந்தது. அந்த வரியை வேறு யார் கவனித்திருக்கப் போகிறார்கள்?

தம்பி போன் செய்தான்.

"எல்லாரும் கிளம்பறாங்கண்ணா. நானும் பெட்டியைக் கட்டிட்டேன்."

எனக்கு வேண்டியது சனிக்கிழமை முத்திரை என்று சொன்னேன். எந்தப் படம், எந்தத் தபால்தலை, எங்கே ஒட்டுவது, முத்திரை பாதி தலையிலும் பாதி படத்திலும் விழ வேண்டும் என்பதெல்லாம். வழக்கம்போலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அப்புறம் நான் எப்படிண்ணா வர்றது?"

"தபாலை எடுத்துட்டுப் போற ஹெலிகாப்டர்லயே உன்னையும் ஏத்திப்பாங்க. நான் விசாரிச்சுட்டேன்."

நான் யாரையும் விசாரிக்கவில்லை. ஆனால் சொல்லும்போது எனக்கே அது உண்மையாகத்தான் பட்டது. ஒற்றை ஆள், அவன் எவ்வளவு இடத்தை அடைத்துவிடப் போகிறான்? சரிண்ணா என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை ஹெலிகாப்டரில் பைகளை ஏற்றினார்கள், அஞ்சலக ஊழியர்களை ஏற்றினார்கள். தன்னையும் ஏற்றிக்கொள்ளும்படி ஒருவன் கெஞ்சினான், இடமில்லை என்று விட்டுவிட்டோம் என்று அஞ்சலகக் குமாஸ்தா உங்களிடம் சொன்னாராமே. படத்தின் மேல் முத்திரை கேட்டவன் என்பதால் மறக்கவில்லையாம். அன்று மதியம் மலை வெடித்தது.

அவன் படகில் ஏறியிருப்பான் என்றே தம்பி மனைவி நம்பினாள். படகுகள் வெவ்வேறு துறைமுகங்களுக்குப் போயிருந்தன. சனங்கள் திசைக்கொருவராகச் சிதறிக் கிடந்தார்கள். முகாம் முகாமாகத் தேடினாள். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை, நானும் கூடவே போனேன். படுத்திருப்பவர்களின் போர்வையை விலக்கி முகம் பார்ப்பாள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அதற்குள் அஞ்சலட்டை வந்துவிட்டது. சனிக்கிழமைத் தேதி, மை துளிகூடக் கலையவில்லை. அதைக் காட்டியிருந்தால் அவன் படகில் ஏறவில்லை என்பது அவளுக்கு விளங்கியிருக்கும், தேடுவதை நிறுத்தியிருப்பாள். உண்மைதான். ஆனால் அட்டையைக் கேட்பாள். கையில் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். கண்ணீர் பட்டால் மை ஓடிவிடும்.

போன வாரம் பேருந்தில் மெதுவாகக் கேட்டாள். "மாமா, அவர் கிளம்பறதுக்கு முன்னாடி உங்களுக்குப் போன் பண்ணவே இல்லையா? உங்களைக் கேக்காம ஒண்ணும் செய்யமாட்டாரே."

"லைன் கிடைச்சிருக்காதும்மா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். என்னால் என்ன செய்ய முடியும்? கையாலாகாதவனாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஆகவே, ஆமாம். அவனை அங்கே நிறுத்தி வைத்தது நான்தான். செத்தவனை அவள் தேடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆல்பத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு போகத்தான் போகிறீர்கள், தடுக்க முடியாது. படம் மேலே தெரியும்படி நான்கு மூலைக்கும் பிடிப்பு வைத்து ஒட்டியிருக்கிறேன். பின்பக்கம் அவன் என்னவோ எழுதியிருக்கிறான். நிறைய எழுதியிருப்பான் போல. அழுத்தி எழுதியதில் மலையின் மேல் வரிவரியாகப் புடைத்திருக்கிறது. என்ன எழுதியிருந்தான் என்று கேட்கிறீர்கள். நான் படிக்கவில்லை. திருப்பினால் மூலை மடங்கிவிடும்.